போர்க்கால உக்ரைனின் பொருளாதார தேசியவாதம்: கேள்வி பதில்

கேள்வி: போர் வந்தால் ஒரு நாடு கதவைச் சாத்திக்கொள்ளும் என்றுதானே நினைப்போம். உக்ரைன் என்ன செய்தது சார்?

பதில்: ஒரு கதவைச் சாத்தி இன்னொன்றை அகலத் திறந்தது. 2022 மார்ச்சில் பக்வீட் (ஒரு வகைத் தானியம்), ஓட்ஸ், சர்க்கரை, உப்பு, இறைச்சி ஆகியவற்றின் ஏற்றுமதிக்குத் தடை. உள்ளூரில் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். இறக்குமதியிலோ நேர் எதிர்: ஏப்ரல் 1 முதல் சுங்கவரியே வேண்டாம் என்றார்கள். விளைவு, போலந்து எல்லையில் வரியில்லாமல் உள்ளே வர பழைய கார்கள் வரிசை கட்டி நின்றன. அவசரச் சரக்கு லாரிகளும் அதே வரிசையில் மாட்டிக்கொண்டன. கஜானாவும் காய்ந்தது. ஜூலை 1-ல் வரி திரும்ப வந்துவிட்டது.

கேள்வி: ‘உள்நாட்டுப் பொருளையே வாங்கு’ என்று சட்டமே போட்டிருக்கிறார்களாமே? ஐரோப்பிய ஒன்றியம் எப்படிச் சும்மா விட்டது?

பதில்: எங்கே விட்டது? சுவாரசியமே அங்கேதான். 2021 இறுதியில் நிறைவேறிய சட்டப்படி, அரசு வாங்கும் பேருந்து, டிராம், ரயில் பெட்டி போன்றவற்றில் ஒரு பங்கு உள்நாட்டில் தயாரானதாக இருக்க வேண்டும். 2022-ல் 10 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறும். மசோதா வந்ததுமே ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபித்தது. அதனால், உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது என்று விலக்கு கொடுத்தார்கள். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதில் உண்டு, சீனா இல்லை. ஆக, சட்டம் யாருக்கு எதிராக வேலை செய்யும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பிறர் கொடுக்கும் பணத்தில் போர் நடத்தும் நாட்டுக்குத் தேசியவாதம் பேசக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான் என்பது என் கருத்து.

கேள்வி: உதவும் நாடுகளே உக்ரைன் தானியத்தைத் தடுத்தது ஏன்?

பதில்: மலிவான உக்ரைன் தானியம் வந்து குவிந்தால் உள்ளூர் விலை விழும்; அவர்களுக்கும் விவசாயிகள், தேர்தல் எல்லாம் இருக்கிறதே. 2023-ல் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா ஆகியவை தடை போட, செப்டம்பரில் உக்ரைன் மூன்றின் மீதும் உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது.

கேள்வி: கனிமங்களை அமெரிக்காவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள் என்கிறார்களே?

பதில்: அப்படி இல்லை. 2025 ஏப்ரல் 30-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி நிலத்தடி வளத்தின் உரிமை உக்ரைனிடமே இருக்கிறது. இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் முதலீட்டு நிதியம் பாதிக்குப் பாதி. வளங்களை எடுக்கக் கொடுக்கும் புதிய உரிமங்களிலிருந்து உக்ரைன் அரசுக்கு வரும் வருவாயில் பாதி அதற்குப் போகும். ஏற்கெனவே கொடுத்த உதவி கடனாக மாறவில்லை. டிரம்ப் முதலில் 500 பில்லியன் டாலர் மதிப்புக்குக் கனிமங்களைக் கேட்டதை நினைத்தால், கீவ் நன்றாகவே பேரம் பேசியிருக்கிறது. நாடாளுமன்றத்தில் 338 ஓட்டு ஆதரவு.

கேள்வி: சோயா மீது ஏற்றுமதி வரி போட்டது விவசாயிக்கு நல்லதா?

பதில்: எண்ணெய் ஆலைக்கு நல்லது. 2025 செப்டம்பரில் சோயாவுக்கும் ரேப்சீடுக்கும் (கடுகு இனத்து எண்ணெய் வித்து) 10 சதவீதம் போட்டார்கள். விதையாக அனுப்பாமல் உள்நாட்டிலேயே பிழிந்து எண்ணெயாக விற்றால் லாபம் கூடும் என்பது வாதம். தன் விளைச்சலைத் தானே ஏற்றுமதி செய்யும் விவசாயிக்கு வரி கிடையாது. ஆனால் ‘இது என் விளைச்சல்’ என்று நிரூபிக்கும் நடைமுறை தயாராகும் முன்பே வரி வந்துவிட்டது. அப்புறம் என்ன, சரக்கு தேங்கியது. சிறு விவசாயி பெரும்பாலும் வியாபாரியிடம்தான் விற்கிறார். வரியை அந்த வியாபாரி கொள்முதல் விலையில் கழித்துக்கொள்வார்.

கேள்வி: கருமண் நிலத்தை வெளிநாட்டு நிறுவனங்கள் வாங்கிக் குவித்துவிட்டதாக ஒரு வீடியோவில் பார்த்தேன்.

பதில்: வாங்க முடியாது. 2021 ஜூலையில் தனிநபர்களுக்கும், 2024 ஜனவரியில் 10,000 ஹெக்டேர் வரம்போடு உள்நாட்டு நிறுவனங்களுக்கும் நிலச்சந்தை திறந்தது. வெளிநாட்டவருக்கு விற்பதா என்பதைப் பொதுவாக்கெடுப்புதான் தீர்மானிக்க வேண்டும். குத்தகைக்கு எடுக்கத் தடையில்லை. வீடியோக்காரர் இரண்டையும் குழப்பிக்கொண்டிருப்பார்.