ஊசி போட ரத்தக்குழாயைக் காட்டும் லைட்: குழந்தைக்கு ஆகுமா?

கேள்வி: தாராவியில் இருக்கிறோம். என் மகளுக்கு ஒன்றே கால் வயது. மழைக்காலத்தில் வாந்தி, பேதி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை என்று இரண்டு கையிலும் காலிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். பாப்பா கறுப்பு, அதனால்தான் தெரியவில்லை என்றார் ஒருவர். நரம்பைக் காட்டும் லைட் மெஷின் இருக்கிறதாமே, அது குழந்தைக்கு ஆகுமா? அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.

மருத்துவர் பதில்: அந்த லைட்டால் பாப்பாவுக்கு ஒரு கெடுதலும் வராது. அது எக்ஸ்ரே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தோல்மேல் பாய்ச்சுவார்கள். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிக்கொள்ளும்; சுற்றியுள்ள சதையில் பட்ட ஒளி திரும்பி வரும். கேமரா இந்த வித்தியாசத்தைப் பிடித்து, ரத்தக்குழாய் போகும் பாதையை அந்தத் தோல்மேலேயே படமாகக் காட்டும். கண்ணில் நேராக அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நிறத்தைப் பற்றிச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின், சாதாரண வெளிச்சத்தைத் தடுக்கும் அளவுக்கு அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பதில்லை. அதனால் வெறும் கண்ணுக்குத் தெரியாத குழாயும் இந்தக் கருவியில் தெரியலாம். இந்த வயதில் புறங்கை கொழுகொழுவென்று இருக்கும். பேதியில் நீர் வற்றினால் குழாயும் சுருங்கிவிடும். உங்கள் மகளுக்குச் சிரமம் வந்தது இதனால்தான் இருக்கும். முன்கூட்டியே கணிக்க ‘டீவா’ என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு. குழாய் கண்ணுக்குத் தெரியாவிட்டால் 2, விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் 2, ஒன்று முதல் மூன்று வயதுக்குள் என்றால் 1. மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால், முதல் குத்தில் ஏறாமல் போகும் வாய்ப்பு பாதிக்கு மேல். இப்படிப்பட்ட குழந்தைக்குத்தான் கருவியை முதலிலேயே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குழாய் கிடைக்கச் சிரமமான குழந்தைகளுக்கு உதவியிருக்கிறது.

ஆனால் மெஷின் பாதையைத்தான் காட்டும். குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. சுமார் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பதைக் காட்டவும் செய்யாது. ஊசியை ஏற்றுவது பழகிய கைதான். அதனால் மெஷின் இருக்கிறதா என்று கேட்பதோடு, “இரண்டு தடவை கிடைக்கவில்லை என்றால் சீனியரைக் கூப்பிடுவீர்களா?” என்றும் கேளுங்கள். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலாமல் அனுபவம் கூடியவரிடம் விடுவது பல இடங்களில் உள்ள நல்ல வழக்கம். இந்தி, மராத்தி சரியாக வராது என்று தயங்கி நிற்காதீர்கள். மும்பை வார்டுகளில் மலையாளி சிஸ்டர்கள் நிறையப் பேர். தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். குழந்தை மயங்கித் துவண்டு கிடக்கும் அவசரத்தில் மட்டும் குறுக்கே பேச வேண்டாம். அப்போது எலும்புக்குள் ஊசி போட்டுக்கூட உயிரைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்த மாதம் ரத்தம் எடுக்கப் போகும்போது, வெறும் வயிற்றில் வரச் சொல்லாவிட்டால் தண்ணீரும் பாலும் நன்றாகக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். கையை வெதுவெதுப்பாக வைத்திருங்கள். மரத்துப்போக வைக்கும் லிடோகெயின், பிரிலோகெயின் கலந்த கிரீம் கிடைக்கிறது. ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். எடைக்கு ஏற்ற அளவு முக்கியம், எனவே உங்கள் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கள். படுக்க வைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதைவிட, உங்கள் மடியில் உட்கார வைத்து அணைத்துக்கொண்டால் குழந்தை குறைவாகப் பயப்படும். தாய்ப்பால் குடிக்கிறாள் என்றால் குடித்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கச் சொல்லலாம்.

இன்னொன்று. வாந்தி பேதி என்றாலே ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள், சில சமயம் பெற்றோரே கேட்டு வாங்குகிறார்கள். குடித்தது தங்குகிறது, குழந்தை விழிப்பாக இருக்கிறது என்றால் ஓஆர்எஸ் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகும். தொடக்கத்திலேயே கொடுத்தால் அந்த ஊசியே தேவைப்படாமல் போகலாம். எதுவும் தங்கவில்லை, பல மணி நேரம் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்து சோர்ந்துவிட்டாள் என்றால் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

குத்திய இடங்களில் வெறும் நீலம் பாரித்திருந்தால் தானாகவே மறைந்துவிடும். வீங்கி, சிவந்து, சூடாக இருந்தாலோ சீழ் தெரிந்தாலோ அன்றைக்கே காட்டிவிடுங்கள்.