நிலக்கரிக் கணக்கில் விடை ஏன் குறைகிறது?

நிலக்கரி எரிவதால் வெளியாகும் காபனீரொட்சைட்டைக் கணக்கிட்டால் விடை குறைவாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் விடையை 44/12 ஆல் பெருக்குங்கள்; அது காபனீரொட்சைட்டின் மூலக்கூற்று நிறைக்கும் (44) காபனின் அணு நிறைக்கும் (12) உள்ள விகிதம். பத்து இலட்சம் தொன் நிலக்கரிக்கு நீங்கள் கண்ட 6.66 இலட்சம் தொன் வெறும் காபன். காபனீரொட்சைட்டு சுமார் 24.4 இலட்சம் தொன்.

குழப்பியது 25.8 ஆக இருக்கலாம். ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு) 2006 வழிகாட்டியில் ‘ஏனைய பிட்டுமினஸ்’ என்ற நிலக்கரி வகைக்கு ஒரு தொன் எரிந்தால் கிடைக்கும் தேறிய வெப்பமும் 25.8 கிகா யூல், ஒரு கிகா யூலுக்குரிய காபனும் 25.8 கிலோ! இரண்டாவது எண் காபனுக்கானது, காபனீரொட்சைட்டுக்கானதல்ல. கொழும்பில் எங்கள் கந்தோரில் நானும் இதில் சறுக்கியிருக்கிறேன்.

சரிபார்க்க: ஒரு தொன் நிலக்கரிக்கு 2.4 தொன் காபனீரொட்சைட்டு அளவில் வரவேண்டும்.

அப்புறம், நீங்கள் எடுத்தது இறக்குமதியான நிலக்கரியின் அளவு என்றால் கவனம். தென்மேல் பருவக்காற்றில், நிலக்கரி மின்நிலையம் உள்ள நுரைச்சோலையில் கடல் கொந்தளிக்கும், கப்பலிலிருந்து நிலக்கரியை இறக்க முடியாது. அதனால் முன்கூட்டியே முற்றத்தில் மலையாகக் குவித்துவிடுவார்கள். வந்ததெல்லாம் அந்த ஆண்டே எரிந்ததல்ல. ஆண்டின் தொடக்க இருப்பைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழியுங்கள்.