லப்டொப்புக்காகக் காப்பை அடைவு வைக்காதீர்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் தொழினுட்பப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். வீட்டில் பழைய டெஸ்க்டொப் ஒன்று. அதைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊத்திக் குடித்து முடித்தாலும் திறக்காதாம். கனடாவிலுள்ள பெரிய மாமா, "கொழும்பில தனியார் டிகிரிக்குப் பதியுங்கோ, முதல்ல நல்ல லப்டொப் ஒண்டு வாங்குங்கோ" என்கிறாராம். தாயிடம் இருப்பது ஒரு சோடிக் காப்பு. இல்லாவிட்டால் நுண்கடன்.

அம்மா, உங்கள் பதற்றம் விளங்குகிறது. ஆனால் காப்பைக் கழற்ற வேண்டாம். நுண்கடன் பேச்சையே எடுக்க வேண்டாம். கிழமை தவறாமல் வாசலில் வந்து நிற்கும் தவணைக்காரரைப் பற்றி வன்னிப் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மாமா முதல் தவணையைக் கட்டுவார், சந்தேகமில்லை. மூன்றாம் வருடக் கட்டணம்? கொழும்பு அறை வாடகை, சாப்பாடு? அதைத் தொலைபேசியில் நேரே கேளுங்கள். "அப்ப பாப்பம்" என்று சொன்னால், அதுதான் பதில். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வருமுன்னரே தனியார் நிறுவனத்தில் காசு கட்டச் சொல்வது யாருடைய அவசரம்? பிள்ளையுடையது அல்ல.

பிள்ளையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான். அதையும் நீங்கள் முறைப்பாடாக எழுதியிருக்கிறீர்கள்: "எந்த நேரமும் பெட்டியைக் கழட்டிப் போட்டுக்கொண்டு இருக்கிறாள், அயல் வீட்டு மெசினும் இப்ப எங்கட விறாந்தையில." நான் பிடித்துக்கொள்வது இந்த வரியைத்தான்.

அந்தப் பழைய பெட்டியை அவளிடமே விடுங்கள். திறந்தவுடன் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு வீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் சுழலும் ஹாட் டிஸ்க்தான் இழுக்கிறது, மூளையான புரொசசர் பழுதில்லை. அதற்குப் பதிலாக, சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகமான 256 ஜீபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போதும். பழைய ஹாட் டிஸ்க்குக்குப் போகும் அதே இரண்டு வயர்கள்தான், ஒன்று தரவுக்கு, ஒன்று மின்சாரத்துக்கு. பழையதை எறியாமல் பாடக்குறிப்புகளுக்கு இரண்டாவதாகப் பொருத்திக்கொள்ளலாம். அடுத்தது ரம், கணினியின் தற்காலிக நினைவகம். 4 ஜீபி என்றால் 8 ஆக்கலாம். ஆனால் ரம்மில் தலைமுறைகள் உண்டு. டிடிஆர் 3 பலகையில் டிடிஆர் 4 இறங்காது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஆகவே பழைய ரம்மைக் கழற்றிக் கடைக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் திகதி பின்னால் போகிறதா? சிஆர் 2032 என்ற நாணய பற்றரி செத்துவிட்டது. மாற்றினால் சரி. விசிறிக்கடியில் எங்கள் செம்மண் புழுதி அப்பியிருக்கும். அதைப் பெயின்ற் பிரஷால் தட்டி, புரொசசரின் மேலுள்ள பழைய பசையைத் துடைத்துவிட்டுச் சூட்டைக் கடத்தும் புதுத் தெர்மல் பேஸ்ட் பூசட்டும்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான இன்டெல் சில்லுகளை முறைப்படி ஏற்பதில்லை. அதற்காகப் பெட்டியைக் குப்பையில் போடுவதா? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ற் இயங்குதளம் இலவசம். பைதன் என்ற நிரல் மொழி பழக, லிபரே ஒபிஸில் கடிதம் தட்ட, அது தாராளம்.

இதையெல்லாம் அவள் தானே செய்து முடித்தால், அது ஒரு தொழிலின் முதல் பாடம். கணினி வன்பொருள் தொழினுட்பவியலாளர் என்று என்.வி.கியூ எனும் தேசிய தொழில் தகைமையே இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா எனும் தேசிய பயிலுநர் பயிற்சி அதிகாரசபை இரண்டிலும் விசாரியுங்கள். நைட்டாவில் வேலைத்தலத்திலேயே பழகும் பயிலுநர் முறை உண்டு. ஏற்கெனவே கைவேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடும் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் உங்களுக்கு எட்டாத தூரமல்ல. என்.வி.கியூவில் நான்காம் மட்டம் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். டிப்ளோமாவோடு இரத்மலானையிலுள்ள தொழினுட்பத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யுனிவொடெக்குக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே "டிகிரி இல்லாமல் போயிடும்" என்று பிள்ளையின் சித்தி அழுவதில் பொருளில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு ஸ்குரூ டிரைவரா?" என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

லப்டொப்பே வேண்டாம் என்கிறேனா? இல்லை. கரண்ட் போனாலும் ஓடும், விடுதிக்குக் கையோடு கொண்டுபோகலாம். வவுனியாப் பல்கலைக்கழகமோ வேறொன்றோ கிடைத்து விடுதியில் தங்க வேண்டி வந்தால், அப்போது வாங்குங்கள். அதுவும் ரம் பலகையோடு ஒட்டப்படாத, பின்மூடியைக் கழற்றக்கூடிய ரகமாக. பாவித்தது என்றால் பற்றரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்கட்டும். தெரிவு அவளுடையதாக இருக்கட்டும். மாமாவின் மகன் வைத்திருக்கும் ரகம் அளவுகோலல்ல.

மாமா இப்போதே காசு அனுப்பியே தீருவேன் என்றால், பழைய டெஸ்க்டொப்புக்கு, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு யூபிஎஸ் வாங்க அனுப்பச் சொல்லுங்கள்.