இழுத்துக் கட்டினால் இடுப்பு வலிக்கும்

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறேன். கட்டிலை ஓரங்கட்டிவிட்டு தினமும் ஹேமக்கிலேயே, அதாவது இரு முனையிலும் கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கையிலேயே, தூங்க ஆசை. சுவரில் துளை போடவே கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால் ஜன்னல் கம்பிக்கும் கதவு நிலைக்கும் நடுவில், தொய்வே இல்லாமல் இறுக்கிக் கட்டினேன். இரண்டே இரவில் இடுப்பு வலி. நிலைக்கும் சுவருக்கும் இடையில் மெல்லிய விரிசல் வேறு. இது என் உடம்புக்கு ஒத்துவராதா?

பதில்: உடம்பின் மேல் பழி போடாதீர்கள், அது பாவம். முதல் வேலையாக அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், இன்றைக்கே.

உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏறிப் படுத்தபின் கயிறு தரைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்வில் இருந்தால், ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 60 கிலோ இழுவை இருக்கும். அதையே இழுத்துக் கட்டி 10 பாகையாக்கினால் பக்கத்துக்கு 170 கிலோவைத் தாண்டிவிடும், அதுவும் கிட்டத்தட்ட முழுக்கப் பக்கவாட்டு இழுப்பு. கதவு நிலை கதவைத் தாங்கத்தான் இருக்கிறது, அதைச் சுவரிலிருந்து பிடுங்குகிற வேலையை அல்லவா ராத்திரி முழுக்கச் செய்திருக்கிறீர்கள்! விரிசல் வராமல் என்ன செய்யும்?

சாய்வை அளக்கக் கருவி வேண்டாம். கையைத் துப்பாக்கி மாதிரி வைத்து, கட்டைவிரலை நேரே மேலே நிமிர்த்தி, சுட்டுவிரலைத் தரைக்குச் சமமாக நீட்டுங்கள். இரண்டு விரல் நுனிகளையும் தொட்டுக்கொண்டு கயிறு போனால் ஏறக்குறைய 30 பாகை.

இடுப்பு வலிக்கும் இதுதான் மருந்து. இறுக்கமான துணியில் உடம்பு நீளவாக்கில்தான் கிடக்க முடியும். தோள் இரண்டும் நெருக்கப்பட்டு, முழங்கால் எதிர்ப்பக்கம் வளையும். தளர விட்டால்தான் குறுக்கே படுக்க இடம் கிடைக்கும். நடுக்கோட்டிலிருந்து தலையைக் கொஞ்சம் ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் தள்ளிப் போடுங்கள், முதுகு சமமாகிவிடும். இதற்கு 3 மீட்டர் நீளமாவது உள்ள, முனைகள் கொத்தாகச் சேர்ந்த துணி ஹேமக் வேண்டும். இரு முனையிலும் மரக்குச்சி வைத்து விரித்த வகை பார்க்க அழகுதான், ஆனால் அது இறுக்கமாகவே நிற்கும், தூக்கத்தில் புரண்டால் ஆளைக் கவிழ்த்துவிடும். 3 மீட்டர் துணி என்றால் முனைக்கு முனை சுமார் இரண்டரை மீட்டர் தூரத்தில் நின்றால் தொய்வு சரியாக அமையும். உட்காரும் இடம் நாற்காலி உயரம், அதாவது 45 சென்டிமீட்டர் போதும். உயரே கட்டிவிட்டு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இறங்கிப் பாருங்கள், தெரியும்.

சரி, துளை போடாமல் எங்கே கட்டுவது? ஸ்டாண்டுதான், அதாவது ஹேமக்கைக் கட்டித் தரையில் தனியாக நிறுத்தும் சட்டம். பக்கவாட்டு இழுப்பைச் சட்டமே வாங்கிக்கொள்ளும், தரைக்குப் போவது வெறும் எடை மட்டும். அது 3 மீட்டர் அளவுக்குத் தரையை அடைத்துக்கொள்ளும் என்பதால், அறையில் மூலைக்கு மூலை இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். கால்களுக்கு அடியில் ரப்பர் வையுங்கள், தரையில் கீறல் விழாது. கிரீச் சத்தம் வந்தால் நட்டுகளை முறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். வீட்டுக்காரர் மனம் இளகி எழுத்தில் சம்மதம் தந்தால் கான்கிரீட் தூணிலோ உத்திரத்திலோ ஆங்கர் போல்ட் (துளைக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும் போல்ட்) போடலாம், அதையும் தெரிந்த ஆளை வைத்து. தடுப்புச் சுவரும் மின்விசிறிக் கொக்கியும் இதற்கு ஆகாது.

கேள்வி: கைக்குழந்தையையும் ஹேமக்கில் கூடப் படுக்கவைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கழுத்து மடங்கினாலும் துணி முகத்தில் அமுங்கினாலும் மூச்சு அடைத்துவிடும். குழந்தைக்குச் சமமான, கெட்டியான தனிப் படுக்கையில் மல்லாக்கத்தான் தூக்கம்.

கேள்வி: ஹேமக்கில் எத்தனை போர்வை போர்த்தினாலும் விடியற்காலையில் முதுகு சில்லிடுகிறதே?

பதில்: மேலே போர்த்தி என்ன பயன், காற்று கீழே அல்லவா ஓடுகிறது! முதுகுக்கு அடியில் போடும் போர்வையும் எடையில் நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சில் சூடு நிற்காது. தூங்குபாய் போன்ற நுரைப்பாய் ஒன்றைத் துணிக்குள் விரித்து அதன்மேல் படுங்கள். அது நழுவி எரிச்சலூட்டினால், ஒரு கனத்த போர்வையை ஹேமக்கின் வெளிப்புறம், உடம்பு அழுத்தாதபடி தொட்டும் தொடாமலும் தொங்கக் கட்டிவிடுங்கள்.