பறக்க வேண்டாம் என்று யார் சொல்வது?

கேள்வி: மூன்று ஹெலிகாப்டர்களை வைத்து வாடகைச் சேவை நடத்துகிறோம். இதுவரை விபத்து ஏதும் நேர்ந்ததில்லை. விமானிகள் அனைவரும் அனுபவசாலிகள். பாதுகாப்பு மேலாண்மை அமைப்புக்கான (எஸ்.எம்.எஸ்.) கையேட்டை ஆலோசகர் ஒருவரிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறோம். தணிக்கைக்கு அது போதாதா? இவ்வளவு சிறிய நிறுவனத்துக்கு இதனால் உண்மையில் என்ன பயன்?

பதில்: கையேடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தணிக்கையாளர் எழுந்து போவதில்லை. கடந்த மூன்று மாதங்களில் பதிவான இடர்கள் எவை, அவற்றுள் எதற்கு யார் என்ன செய்தார் என்று அடுத்ததாகக் கேட்பார். அந்தக் கேள்விக்கான பதிலை ஆலோசகர் எழுதித் தர முடியாது.

விபத்து நேராததைச் சான்றாகக் கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. மூன்று ஹெலிகாப்டர்கள் ஓராண்டில் பறக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், மோசமாக நடத்தப்படும் நிறுவனம்கூடப் பல ஆண்டுகள் விபத்தின்றித் தப்பிவிடலாம். ஆகவே விபத்துகளை எண்ணுவதைவிட, விபத்தாகியிருக்கக்கூடிய நிகழ்வுகளை எண்ணுவதே பயன் தரும். 2023 மார்ச்சில் கர்நாடகத்தின் ஜேவர்கியில் முன்னாள் முதல்வர் எடியூரப்பா வந்த ஹெலிகாப்டர் தரையிறங்க முயன்றபோது, திடலில் கிடந்த பிளாஸ்டிக் தாள்களும் குப்பையும் சுழலியின் காற்றில் மேலெழுந்து பறந்தன. விமானி இறங்காமல் மேலே ஏறி, இடம் சுத்தம் செய்யப்பட்ட பிறகே தரையிறக்கினார். தற்காலிகத் தளங்களில் இறங்கும் உங்கள் விமானிகளுக்கும் இது புதிதாக இருக்காது. ஆனால் அப்படி ஒன்று நடந்தால் அது உங்கள் அலுவலகத்தில் எழுத்தில் பதிவாகிறதா, அடுத்த தளத்துக்கு முன்கூட்டியே ஆளனுப்பிப் பார்க்கிறீர்களா, அல்லது தேநீர் நேரத்துப் பேச்சோடு முடிந்துவிடுகிறதா என்பதே கேள்வி.

உங்கள் நிலைக்கு மிக நெருக்கமான பாடம் அமெரிக்காவில் இருக்கிறது. 2020 ஜனவரி 26 அன்று கலிபோர்னியாவின் கலபாசாஸ் அருகே கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் பயணித்த எஸ்-76பி ஹெலிகாப்டர் மலைச்சரிவில் மோதியது, ஒருவரும் பிழைக்கவில்லை. கண்பார்வை விதிகளின்படி (மேகத்துக்குள் நுழையாமல், வெளியே பார்த்தபடி ஓட்டும் முறை) மட்டுமே பறக்க அனுமதி பெற்றிருந்த நிறுவனத்தின் விமானி, மேகத்துக்குள் நுழைந்து திசையுணர்வை இழந்தார் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. நிறுவனமோ வாடிக்கையாளரோ அவரை வற்புறுத்தியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அழுத்தத்தைப் பெரும்பாலும் அவரே தமக்கு ஏற்படுத்திக்கொண்டார் என்றும், பாதுகாப்பு மேலாண்மை நடைமுறைகளை நிறுவனம் போதுமான அளவு மறுஆய்வு செய்து கண்காணிக்காததும் விபத்துக்குத் துணைக்காரணம் என்றும் வாரியம் கூறியது.

அந்த நிறுவனத்திலும் இடர் மதிப்பீட்டுப் படிவம் இருந்தது. விமானி அன்று காலை அதை நிரப்பியும் இருந்தார். ஆனால் புறப்படும் நேரத்து வானிலையைக் கொண்டு அதைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால், செயல்பாட்டு இயக்குநரைக் கலந்துகொண்டு மாற்றுத் திட்டம் ஒன்றையும் அவர் தர வேண்டியிருந்திருக்கும். எஸ்.எம்.எஸ்.ஸின் பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ‘இன்று பறக்க வேண்டாம்’ என்னும் முடிவின் சுமையைத் தனியொரு விமானியின் தோளிலிருந்து இறக்கி நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. அனுபவசாலிகளுக்கு இது தேவையில்லை என்பது தவறான கணக்கு. முக்கிய வாடிக்கையாளர் இருக்கையில் அமர்ந்த பிறகு ‘முடியாது’ என்று சொல்வது அவர்களுக்கும் கடினமே.

விதிகளைப் பொறுத்தவரை, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் உடன்படிக்கையில் பாதுகாப்பு மேலாண்மை பற்றிய 19ஆம் இணைப்பு 2013 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. நிறுவனத்தின் அளவுக்கும் பணியின் சிக்கலுக்கும் ஏற்பவே எஸ்.எம்.எஸ். இருக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. ஆகவே பெரிய விமான நிறுவனத்தின் கையேட்டில் பெயரை மட்டும் மாற்றி வாங்குவது வீண் செலவு. கலபாசாஸ் விபத்தின்போது வாடகைச் சேவைகளுக்கு எஸ்.எம்.எஸ்.ஸைக் கட்டாயமாக்காதிருந்த அமெரிக்காவும் 2024இல் விதியை விரிவுபடுத்தி, அவற்றுக்கு 2027 மே வரை அவகாசம் தந்திருக்கிறது.

அமைப்பு உயிரோடு இருக்க, தவற்றைத் தானாக முன்வந்து சொல்பவர் தண்டிக்கப்படமாட்டார் என்று உரிமையாளர் கையெழுத்திட்டு அறிவிக்க வேண்டும். வேண்டுமென்றே விதியை மீறுவதற்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். தகவல் தந்தவருக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று சில நாள்களுக்குள் தெரிவியுங்கள். பதில் வராத இடத்தில் இரண்டாவது தகவல் வராது. ஒரு மெக்கானிக் சொன்ன குறையைச் சரிசெய்ய நீங்கள் ஒரு பயணத்தையாவது ரத்து செய்ததை மற்றவர்கள் பார்த்தால், எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அது அதிகம் வேலை செய்யும்.

ஆலோசகரின் கையேட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. விமானிகளையும் மெக்கானிக்குகளையும் உட்காரவைத்து, உங்களுக்குப் பொருந்தாத பக்கங்களை அடித்துவிடுங்கள். இடர் மதிப்பீட்டுப் படிவத்தில், புறப்படுமுன் வானிலையை மீண்டும் பார்த்த நேரத்துக்கு ஒரு கட்டமும், வரம்பு மீறினால் அழைக்க வேண்டியவரின் தொலைபேசி எண்ணும் சேருங்கள். அந்த எண் விற்பனைப் பிரிவில் இருப்பவருடையதாக இருக்கக் கூடாது.