வயதான பெற்றோரைக் குறைந்த செலவில் ரயிலில் காசிக்கு அழைத்துச் செல்வது எப்படி?

எழுபதை நெருங்கும் பெற்றோரைக் காசிக்கு அழைத்துப் போக வேண்டும், சுற்றுலா நடத்துபவர்கள் தலைக்குக் கேட்கும் தொகை கட்டுப்படியாகவில்லை, நாமே ரயிலில் கூட்டிப் போனால் செலவு குறையுமா, அவர்களுடைய உடம்பு அதைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். செலவு நிச்சயமாகக் குறையும். உடம்பு தாங்குவது, நீங்கள் பயணச்சீட்டை எந்த நாளில், எந்த முறையில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றும், பத்து நாளுக்கு மேல் விடுப்புக் கிடைக்காது என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கும்பகோணத்திலிருந்து அம்மாவையும் அப்பாவையும் ரயிலில் காசிக்கு அழைத்துப் போகப் போகிறேன் என்று சொன்னபோது, பெற்றவர்களுக்குச் செலவு செய்ய மனம் வரவில்லையா என்று உறவினர்கள் என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குச் சர்க்கரை. இருவரும் நல்லபடியாகப் போய், கங்கையில் நீராடி, தரிசனம் செய்து, நல்லபடியாகத் திரும்பினார்கள். அதே பருவத்தில் எங்கள் தெருவிலிருந்து ஒரு சுற்றுலாக் குழுவோடு போன தம்பதி, எங்களைவிடப் பல மடங்கு பணம் கொடுத்தும், இரவெல்லாம் மேல் படுக்கைக்கு ஏறி இறங்கித் தவித்திருக்கிறார்கள். விமானத்தில் போக வசதியுள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும்; அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரயிலில் அழைத்துப் போவது பெற்றோரை வதைப்பது என்று யாராவது சொன்னால், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தத் தம்பதிக்கு ஏன் மேல் படுக்கை வந்தது என்பதைத்தான் முதலில் விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பயணத்தின் சுகமும் சிரமமும் அதில்தான் இருக்கிறது. ரயில்வேயில் முதியோருக்கென்று கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. 60 வயது நிறைந்த ஆண்களும் 45 வயது நிறைந்த பெண்களும் அதில் சீட்டு எடுக்கலாம். நிபந்தனை ஒன்று உண்டு: அந்தச் சீட்டில் ஒருவரோ இருவரோ மட்டுமே இருக்க வேண்டும், இருவர் என்றால் இருவரும் அந்த வயதுத் தகுதி உடையவர்களாக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்த்தாலும், தகுதியில்லாத மகனையோ மருமகளையோ அதே சீட்டில் சேர்த்தாலும், அந்த ஒதுக்கீடு கணக்கிலேயே எடுத்துக்கொள்ளப்படாது. சுற்றுலா நடத்துபவர்கள் வேலை சுலபமாக முடிய வேண்டும் என்று ஆறு பேரை ஒரே சீட்டில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் தெருத் தம்பதிக்கு நடந்தது அதுதான். குடும்பமாகப் போகிறவர்களும், எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் இதையே செய்கிறார்கள்.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். முன்பதிவு திறந்த காலையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் முதியோர் ஒதுக்கீட்டில் ஒரு சீட்டு எடுத்தேன். பெட்டி எண் தெரிந்தவுடன், எனக்கும் என் மனைவிக்கும் பொது ஒதுக்கீட்டில் இன்னொரு சீட்டை, அதே எண்ணை விருப்பப் பெட்டியாகக் குறிப்பிட்டு எடுத்தோம். ஐ.ஆர்.சி.டி.சி. என்னும் ரயில்வே முன்பதிவுத் தளத்தில் பயணிகளின் பெயர்களுக்குக் கீழே, பலர் பார்க்காமலே கடந்துவிடும் இடத்தில், அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அவர்கள் இருவருக்கும் எதிரெதிரான கீழ்ப் படுக்கைகள் கிடைத்தன. நாங்கள் அடுத்த தடுப்பில் இருந்தோம். அம்மா இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தபோது, யாரையும் எழுப்பாமல் காலைக் கீழே வைத்துச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்து போனார். முழங்கால் வலி உள்ளவருக்கு அதற்கு மேல் ஒரு வசதி தேவையில்லை. ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் இந்த ஒதுக்கீட்டுப் படுக்கைகள் ஆறோ ஏழோதான் இருக்கும், குளிர்சாதன வகுப்பில் இன்னும் குறைவு. ஆகவே தாமதித்தால் கிடைக்காது.

முன்பதிவுக் காலம் முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ரயில் முதலில் புறப்படும் நிலையத்தின் தேதிதான் கணக்கு என்பதால், கன்னியாகுமரியில் முந்தின இரவே புறப்பட்டுவிடும் ரயிலுக்கு, கும்பகோணத்துக்காரர்களான எங்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே முன்பதிவு திறந்துவிடும். இதை அறியாமல், நாள்காட்டியில் 60 எண்ணி, மறுநாள் காலையில் உட்கார்ந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. காலை 8 மணிக்குத் திறக்கும்போது ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாவிட்டால் சீட்டு எடுக்க முடியாது. அந்த வேலையை இன்றே முடித்து வையுங்கள். 45 பைசாவுக்குப் பயணக் காப்பீடு வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் வேண்டும் என்று குறியுங்கள்.

கடைசி நேரத்தில் கூடுதல் கட்டணத்தில் எடுக்கும் தட்கல் சீட்டை நம்பி வயதானவர்களைக் கிளப்பாதீர்கள். ஸ்லீப்பருக்கு 100 முதல் 200 ரூபாய் வரையும், மூன்றடுக்கு ஏ.சி.க்கு 300 முதல் 400 ரூபாய் வரையும் ஒவ்வொருவருக்கும் கூடுதலாகப் போகும். உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணமும் திரும்பாது. அப்பாவுக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?

கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 2020 மார்ச் வரை 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 சதவீதமும் ரயில் கட்டணத்தில் சலுகை இருந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி அதை நிறுத்தினார்கள். தொற்று ஓய்ந்து, ரயில்கள் பழையபடி ஓடத் தொடங்கி ஆண்டுகள் ஆகியும் அந்தச் சலுகை திரும்பி வரவில்லை. எல்லாப் பயணிகளின் கட்டணத்திலும் ஏற்கெனவே மானியம் அடங்கியிருக்கிறது என்று பதில் சொல்கிறார்கள். அது தெரியாமல் நான் பேசவில்லை. ஆனால் ஓய்வூதியமும் இல்லாமல், வாழ்நாளில் ஒரு தடவையாவது காசிக்குப் போய்விட வேண்டும் என்று சேலை மடிப்பில் பணம் சேர்த்து வைக்கிற ஒரு மூதாட்டிக்கு அந்தப் பாதிக் கட்டணம் எவ்வளவு பெரிய தொகை என்பதை, அவரை அருகில் இருந்து பார்த்தவர்கள்தான் அறிவார்கள். இந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி ரயிலைத் தேர்ந்தெடுப்பது. காசித் தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்து மதுரை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், சென்னை எழும்பூர் வழியாகக் காசியில் உள்ள பனாரஸ் நிலையத்துக்கு வாரம் ஒரு நாள் செல்கிறது. 2023 டிசம்பரில் தொடங்கியது. ராமேஸ்வரத்திலிருந்தும் பனாரஸுக்கு ஒரு வாராந்திர ரயில் உண்டு. இவற்றில் இடம் இல்லை என்றவுடன் கைவிட்டுவிடாதீர்கள். காசியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளேயே பண்டிட் தீன் தயாள் உபாத்யாயா சந்திப்பு இருக்கிறது. 2018 வரை அதன் பெயர் முகல்சராய். பெங்களூருவிலிருந்து தானாபூர் செல்லும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் தினமும் சென்னை வழியாக அந்த நிலையத்துக்குப் போகிறது. அங்கே இறங்கி ஆட்டோவிலோ வாடகைக் காரிலோ கங்கைப் பாலத்தைக் கடந்தால் காசி. காசியிலேயே வாராணசி சந்திப்பு, பனாரஸ், வாராணசி சிட்டி, காசி எனப் பல நிலையங்கள் இருக்கின்றன. தளத்தில் ஒன்றை மட்டும் தேடிவிட்டு ரயிலே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. மண்டுவாடி என்று பெரியவர்கள் சொல்லும் நிலையம்தான் இப்போது பனாரஸ்.

நடுவழியில் ஏறுகிறவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியலில்தான் இடம் காட்டுகிறது என்றால், ரயில் புறப்படும் நிலையத்திலிருந்து சீட்டு எடுத்து, ஏறும் இடத்தை மட்டும் உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். சற்றே கூடுதல் கட்டணம் ஆகும். ஆனால் உறுதியான படுக்கை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏறும் உரிமை போய்விடும் என்பது நினைவிருக்கட்டும்.

எந்த மாதம் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். நமக்குத் தீபாவளி முடிந்ததும் ரயிலில் கூட்டம் ஓய்ந்துவிடும், வடக்கே அப்படியில்லை. தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்குப் பீகாரும் கிழக்கு உத்தரப் பிரதேசமும் ஊர் திரும்பும், பூஜை முடிந்ததும் அதே கூட்டம் தெற்கே வேலைக்குத் திரும்பும். அந்த இரண்டு வாரமும், ஹோலியை ஒட்டிய நாட்களும் வேண்டாம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும் வரை கங்கைச் சமவெளியில் மூடுபனி இறங்கி ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். தை அமாவாசையன்று பிரயாகையில் நீராட நம்மவர்கள் ஆசைப்படுவார்கள். அங்கே நடக்கும் மாக மேளா நீராடல் விழாவில் கூட்டம் உச்சத்தில் இருப்பது அன்றுதான், முழங்கால் வலிக்காரரை அங்கே நிறுத்தக் கூடாது. ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கை பெருகினால் படித்துறைகள் மூழ்கிப் படகும் நின்றுவிடும். கார்த்திகைப் பௌர்ணமிக்குப் பிந்தைய நவம்பர் இறுதி நாட்கள், சிவராத்திரி நெரிசலைத் தவிர்த்த பிப்ரவரி, இந்த இரண்டையும்தான் நான் தயங்காமல் சொல்வேன். 

உணவுச் செலவுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் வீட்டுச் சமையலே மருந்து. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி முதல் நாளுக்கு, புளியோதரை மறுநாளுக்கு, அதன் பிறகு தட்டையும் பொரியும் அவலும். சர்க்கரை உள்ளவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு முக்கியம் என்பதால், ரயில் தாமதமாகும் என்றே எண்ணிக் கூடுதலாக ஒரு வேளைக்குக் கட்டிக்கொள்ளுங்கள். தீர்ந்துபோனால், சீட்டில் இருக்கும் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து ஐ.ஆர்.சி.டி.சி.யின் உணவுச் சேவையில் அடுத்து வரும் பெரிய நிலையத்துக்குச் சொல்லி வைத்தால் இருக்கைக்கே கொண்டுவந்து தருவார்கள். ஒரு லிட்டர் ரயில் நீர் பாட்டிலின் விலை இப்போது 14 ரூபாய். 20 ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள், 139 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். இதெல்லாம் சில்லறைக் கணக்கு என்று தோன்றலாம். நான்கு பேருக்கு, போக வர, வேளைக்கு வேளை கூட்டிப் பாருங்கள்.

எந்த வகுப்பு என்பதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பேன். ஜபல்பூரைத் தாண்டியதும் ஸ்லீப்பர் பெட்டியில் முன்பதிவு இல்லாதவர்களும் ஏறிக் கால்மாட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வயதானவர்கள் கழிப்பறைக்குப் போவதே பாடாகிவிடும். மூன்றடுக்கு ஏ.சி.யில் போங்கள், மிச்சம் பிடிப்பதைத் தங்குமிடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

காசியின் கோதௌலியா பகுதிக்கு அருகே நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இருக்கிறது. கேதார் காட் என்னும் படித்துறையில் குமாரசாமி மடம் இருக்கிறது. ஹனுமான் காட் படித்துறையைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். கிளம்புவதற்கு முன்பே தொலைபேசியில் பேசி இடத்தை உறுதி செய்துகொண்டால், நம் சாப்பாடும் நம் பேச்சும் குறைந்த செலவில் கிடைக்கும். நள்ளிரவில் இறங்க நேர்ந்தால் ஊருக்குள் அலையாமல், அதே பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ரயில் நிலைய ஓய்வறையை முன்பதிவு செய்து விடியும் வரை படுத்திருங்கள். கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளுக்குள் ஆட்டோ வராது. படித்துறைகளும் செங்குத்தானவை. அசி காட்டுக்கோ நமோ காட்டுக்கோ வண்டியிலேயே போய் அங்கிருந்து படகு ஏறினால், மாலை ஆரத்தியைத் தசாஸ்வமேத காட்டுக்கு எதிரே படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அம்மாவை அப்படித்தான் அழைத்துப் போனோம், ஒரு படிகூட அவர் சிரமப்பட்டு இறங்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. இந்து சமய அறநிலையத் துறை 2022-23இல் 200 பேருடன் தொடங்கிய ராமேஸ்வரம் - காசி ஆன்மிகப் பயணத்தில், 60 முதல் 70 வயது வரை உள்ள, ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்களை அரசுச் செலவில் அழைத்துச் செல்கிறார்கள். உங்கள் பெற்றோர் அந்த வரம்புக்குள் வந்தால், அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

திரும்பும் சீட்டைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. போகும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் முன்பதிவு வெவ்வேறு காலையில்தான் திறக்கும். போகும் சீட்டு கிடைத்த மகிழ்ச்சியில் அந்த இரண்டாவது காலையை விட்டுவிடாமல், இரண்டு தேதிகளையும் இப்போதே நாள்காட்டியில் குறித்து, அன்றும் 8 மணிக்கு முன்பே உட்கார்ந்து, அப்போதும் அப்பா அம்மாவின் பெயர்களை மட்டும் தனிச் சீட்டில் போடுங்கள்.