ஆப் காட்டும் 82 டெசிபல் சட்ட வரம்பை மீறியதா?

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கடற்படை விமானமும் ஹெலிகாப்டரும் வீட்டுக்கு மேலே போகும்போது போன் ஆப்பில் 82 டெசிபல் காட்டுகிறது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55தான் வரம்பு என்கிறார்கள். அப்படியானால் இது விதிமீறலா? இந்தப் பக்கம் பயணிகள் விமான நிலையம் வரும் என்ற பேச்சும் இருக்கிறது. பக்கத்திலேயே புது வீடு கட்டலாமா?"

82-ஐயும் 55-ஐயும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. விமானம் தலைக்கு மேல் வரும் அந்த நொடியில் எழும் உச்ச அளவுதான் 82. இரைச்சல் விதிகள், 2000 சொல்லும் 55 டெசிபல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரையுள்ள 16 மணி நேரத்துக்கான சராசரி. லெக் என்று சொல்வது இதைத்தான். இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு அளவு உண்டு. ஒரு விமானம் கடந்து போகும்போது வந்து சேரும் மொத்த ஒலி ஆற்றலை ஒரே நொடிக்குள் அடக்கிச் சொல்வது எஸ்.இ.எல். உச்சம் 82 என்றால் இது ஏறத்தாழ 90 வரும். பகலில் இப்படி நான்கு விமானங்கள் போனால் 90-உடன் 6 கூட்டி (எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறைக்கும் 3), அந்த ஒலியை 16 மணி நேரத்தின் 57,600 நொடிகளுக்கும் பரப்ப 47.6 கழிக்க வேண்டும். விடை 48.4. வீட்டில் பேச்சே கேட்காத அளவுக்கு நான்கு முறை சத்தம் வந்தும், விமானங்களால் மட்டும் வரும் சராசரி 55-க்குக் கீழேதான் நிற்கிறது. அதைத் தொட 18 விமானங்கள் வேண்டும். இரவின் 8 மணி நேரத்துக்குக் கழிக்க வேண்டியது 44.6. அதனால் ஒரே ஒரு விமானம் போனாலே 45.4 ஆகிவிடும். பகல் நேரப் பறப்பையும் இரவு நேரப் பறப்பையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

விமான நிலையங்களுக்கு 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தனி வரம்பு கொண்டுவந்தது. ஆண்டுக்கு 50,000-க்கு மேல் விமானங்கள் வந்து போகும் சிவில் நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65. மற்றவற்றுக்கு 65, 60. அந்த 65-ஐத் தொட, 82 உச்சமுள்ள விமானம் பகலில் 180 முறைக்கு மேல் பறக்க வேண்டும்! சராசரியை மட்டும் பார்த்து "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அது பொய்யல்ல. ஆனால் உங்கள் வீட்டில் நடப்பதை அது சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் விமான இரைச்சலுக்குப் பரிந்துரைத்த இரவு அளவு 40 டெசிபல் மட்டுமே. தவிர, சிவில் நிலையங்களுக்கான இந்த வரம்பைக் காட்டி ஐஎன்எஸ் பருந்து போன்ற கடற்படைத் தளத்தின் மீது விதிமீறல் என்று வாதிட முடியாது.

இனி அந்த 82 சரிதானா என்று பார்ப்போம். போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது, அளவீட்டுக்காக அல்ல. அதைவிடப் பெரிய சிக்கல் நம் கரையின் காற்று. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மைக்கில் மோதும் காற்றையே ஆப் சத்தமாகக் கணக்கெடுத்துவிடும். முறையான அளவீட்டில் மைக்குக்குப் பஞ்சு உறை போட்டாலும், காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அந்தப் பதிவைத் தள்ளிவிடுவார்கள். வகை 1 ஒலிமானியை (துல்லியமான ஒலி அளவீட்டுக் கருவி) வாடகைக்கு எடுத்தால், தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் 94 டெசிபல் காலிப்ரேட்டரை (சரியாக அந்த அளவு ஒலியைத் தரும் சோதனைக் கருவி) மாட்டிச் சரிபாருங்கள். மைக் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்திலும், சுவரிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் தள்ளியும் இருக்கட்டும். சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலி சேர்ந்து அளவு கூடிக் காட்டும். பனைக்கு அடியில் வைக்கவே வேண்டாம், ஓலைச் சலசலப்பு விமானத்தை மறைத்துவிடும். விமானத்தின் உச்சம் சுற்றுப்புறச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே நின்றால்தான் அந்தப் பதிவை நம்பலாம்.

ஒரு பருவத்தில் மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் தெரியும். விமானங்கள் பொதுவாக எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். கச்சானில் ஒரு முனை வழியாக இறங்குபவை, வாடையில் மறுமுனை வழியாக இறங்கும். எந்த ஊருக்கு மேல் தாழ்ந்து வருகிறது என்பதும் அதோடு சேர்ந்து மாறும். பயணிகள் விமானம் வழக்கமான 3 டிகிரிச் சரிவில் இறங்கினால், ஓடுபாதை முனைக்கு 2 கிலோமீட்டர் முன்னால் அதன் உயரம் வெறும் 120 மீட்டர். புறப்பட்ட விமானத்தை வடகடல் பக்கமோ தென்கடல் பக்கமோ திருப்பிவிட இங்கே வசதி உண்டு. இறங்கும் விமானத்துக்குக் கடைசிச் சில கிலோமீட்டரில் அப்படித் திரும்ப இடமில்லை. எனவே ஓடுபாதைக்கு நேர்கோட்டில் மனை வாங்காதீர்கள். கட்டட உயரத்துக்கான தடையின்மைச் சான்று கிடைத்திருக்கிறது என்பது இரைச்சல் பற்றி எதையும் சொல்லாது.

வீடு கட்டுவதானால் கூரை கான்கிரீட்டாக இருக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ், தகர ஷீட் இரண்டும் மேலிருந்து வரும் சத்தத்தை அதிகம் தடுக்காது. அதன் பிறகு பலவீனமான இடம் ஜன்னல். 12 சதுர அடி ஜன்னலில் நாலுக்கு நாலு அங்குல அளவுக்கு இடைவெளி இருந்தாலே போதும், எவ்வளவு தடித்த கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. வென்டிலேட்டர் ஜாலியும் கதவடி இடுக்கும் இதே வேலையைத்தான் செய்யும். உப்புக்காற்றுக்கு யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) சட்டம், சுற்றிலும் ரப்பர் பட்டை, லேமினேட்டட் கண்ணாடி நல்லது. படுக்கையறையைப் பறக்கும் பாதைக்கு எதிர்ப்புறம் வையுங்கள். ஹெலிகாப்டரின் தடதடப்பு தாழ்ந்த அதிர்வெண் என்பதால் கண்ணாடி அதை அதிகம் தடுக்காது. மனிதக் காதுக்கு ஏற்பத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் டெசிபல் ஏ அளவிலும் அது குறைவாகவே தெரியும்.

ராமேஸ்வரத்தில் விமான நிலையம் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. விமான நிலையத் திட்டங்களுக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அனுமதி வேண்டும். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும், சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். அதில் இரைச்சல் சமகோட்டு வரைபடம் (ஒரே அளவு இரைச்சல் வரும் இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டுவது) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சராசரியோடு நிற்காமல், உங்கள் ஊரில் ஒரு நாளில் 70 டெசிபலைத் தாண்டும் விமானங்கள் எத்தனை, இரவு 10-க்கு மேல் எத்தனை, கச்சானில் எத்தனை, வாடையில் எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். வாயால் கேட்டதோடு விடாமல் எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகையை வாங்கி வையுங்கள்.